கேனரி கைக்கு வர

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் கேனரி வளர்க்கிறீர்களா? கிட்டப் போனாலே கூடு அதிரப் படபடக்கிறதா?

1. கொண்டுவந்த முதல் வாரம் கூட்டுக்குள் கை விடாதீர்கள். கண்மட்ட உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி வையுங்கள். முதுகுப்பக்கம் பயமில்லை என்றால்தான் அடங்கும். கடற்பக்க யன்னலடி வேண்டாம், காற்று ஒத்துக்கொள்ளாது.

2. தினமும் ஒரே நேரம், ஒரே ஆள் தீனி வையுங்கள். முதலில் கம்பிக்கு வெளியே நின்று வெள்ளரித்துண்டு நீட்டுங்கள். கூசாமல் கொத்தத் தொடங்கியபின் உள்ளங்கையில் நாலு தினை வைத்து, கையை உள்ளே விட்டு அசையாமல் இருங்கள். விரலில் ஏறச் சில வாரங்கள் பிடிக்கும். எட்டிப் பிடித்தீர்களோ, பட்ட பாடெல்லாம் வீண். கிளிபோலத் தடவவும் பார்க்காதீர்கள். கேனரிக்கு அது பிடிக்காது.

3. வெளியே விடுமுன் மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். கண்ணாடியை வெளி என்று நினைத்துப் போய் மோதும்.

4. நுளம்புச்சுருள் புகை, பட்டர்புரூட் இரண்டும் ஆகாது. காய்ந்து புகையும் நொன்ஸ்டிக் சட்டி அதைவிட மோசம்: சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும்.

5. பொழுதுபட்டால் கூட்டை மூடுங்கள். நல்ல உறக்கம் வேண்டும். ஆடிவேல் ஊர்வலம் காலி வீதியால் போகும் நாளில் பின்னறைக்கு மாற்றுங்கள். மேளச்சத்தத்தில் மிரண்டால் கம்பியில் அடித்துக்கொள்ளும்.

6. பாடவில்லையென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நன்றாகப் பாடுவது ஆண்தான். இறகு உதிர்க்கும் காலத்தில் அதுவும் வாய் திறக்காது.