முதல் டெஸ்ட், ஓடிபி பக்கம்

புனேயின் தெற்கே, கோந்த்வாவில் என்ஐபிஎம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் ஐடிக்காரர்கள் ஏராளம். மகர்பட்டாவுக்கும் ஹிஞ்சவடிக்கும் போய்வந்தவர்கள் 2021இல் வீட்டுக் கூடத்தையே ஆபீஸாக்கிக்கொண்டார்கள். அப்படி ஒரு கூடத்திலிருந்துதான் நானும் ஐந்து பேர் கொண்ட ஒரு டெஸ்டிங் குழுவில் வேலை பார்த்தேன். ஓர் ஆன்லைன் கடையின் தளத்தை, லாகின் முதல் ரசீது வரை, பிரவுசர் தானாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியை எடுப்பது?

குழு அதை ஒரே மதியத்தில் முடிவு செய்தது. லாகினும் பொருள் தேடலும் அரை நாளில் ஓடிவிட்டன, திரையில் பார்க்கவும் அழகாக இருந்தது. அவ்வளவுதான், எடுத்துவிட்டார்கள். கஷ்டமான பாதையை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

கார்டு வைத்து இணையத்தில் வாங்குவோருக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டில் கட்டாயமாக்கியது. அதனால் பணம் கட்டும் நேரத்தில் கடைப் பக்கம் மறைந்து, வங்கியின் டொமைனில் ஓடிபி பக்கம் வரும். குழு எடுத்த கருவியோ பிரவுசருக்குள்ளேயே ஓடும் வகை. நடுவழியில் வேறொரு டொமைனுக்குத் தாவ அதற்கு அப்போது வழியில்லை. அது வடிவமைப்பில் உள்ள விஷயம், முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. வங்கி சொல்ல வேண்டிய பதிலைப் போலியாகத் தயாரித்துக் கொடுத்துவிட்டுக் கடந்துபோனோம். டெஸ்டுகள் எல்லாம் பச்சை.

வெளியீடு முடிந்ததும் புகார்கள் வந்தன. பணம் போய்விட்டது, கடைக்குத் திரும்பினால் மறுபடி லாகின் கேட்கிறது, ஆர்டரைக் காணோம்.

காரணம் ஒரு குக்கி. வங்கிப் பக்கம் வாங்குபவரை போஸ்ட் முறையில் கடைக்குத் திருப்பி அனுப்பியது. எங்கள் செஷன் குக்கியில் சேம்சைட் என்ற குறிப்பே இல்லை. 2020 முதல் குரோம் அப்படிப்பட்ட குக்கியை வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டோடு அனுப்புவதில்லை. ஒரே விலக்கு, குக்கி பிறந்து இரண்டு நிமிடம் ஆகாதிருந்தால் அனுப்பும். கையால் சோதித்தவர்கள் லாகின் செய்த கையோடு பணம் கட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்கள். பத்து நிமிடம் சேலை பார்த்துவிட்டு வாங்கியவர் மாட்டிக்கொண்டார். இதைக் கண்டுபிடிக்க வங்கியின் சோதனைப் பக்கம்வரை போய்த் திரும்பும் ஒரு டெஸ்ட் வேண்டும், அது அவசரப்படாததாகவும் இருக்க வேண்டும்.

அடுத்த முறை குழு வேறு மாதிரி தேர்ந்தெடுத்தது. செலினியம், சைப்ரஸ், பிளேரைட் மூன்றிலும் ஓடிபி பாதை ஒன்றை மட்டும் எழுதிப் பார்த்தார்கள். செலினியம் 2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கியது. அதன் வெப்டிரைவர் 2018இல் டபிள்யூ3சி தரமானது, ஜாவா தெரிந்த பழைய கைகளும் அதற்குச் சுலபமாகக் கிடைக்கும். சைப்ரஸில் 2022 டிசம்பரில் வந்த 12ஆம் பதிப்பு முதல் வேறு டொமைனுக்குள் போக முறையான வழி உண்டு. 2020இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட பிளேரைட், பட்டன் தயாராகும்வரை தானே காத்திருக்கும். ஐந்து விநாடி தூங்கு என்று கண்ட இடத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தை ஒழிக்க அது உதவும். செலினியத்திலும் நிபந்தனை சொல்லிக் காத்திருக்க வைக்கலாம், ஆனால் எழுதுகிறவர் நினைவோடு எழுத வேண்டும்.

ஐபோன் வாடிக்கையாளர் அதிகம் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். பிளேரைட் ஓட்டுவது தனது சொந்த வெப்கிட்டை, ஆப்பிளின் சஃபாரியை அல்ல. பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் மேக் கணினியில் அசல் சஃபாரியை ஓட்ட செலினியம்தான் கைகொடுக்கும்.

கருவியின் ஆயுளையும் விசாரிக்க வேண்டும். ஒருகாலத்தில் எல்லோரும் பேசிய ஃபேன்டம்ஜேஎஸ் 2018இல் நின்றது. ஆங்குலர்காரர்களின் புரோட்ராக்டர் 2023இல் முடிந்தது. அதில் எழுதியவர்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுத நேர்ந்தது.

கோந்த்வாக் குழு பிளேரைட்டை எடுத்தது, சஃபாரிக்கு மட்டும் செலினியத்தில் நான்கு டெஸ்டுகள். அந்த ஓடிபி டெஸ்ட் லாகினுக்குப் பிறகு மூன்று நிமிடம் வேண்டுமென்றே சும்மா இருந்துவிட்டுத்தான் பணம் கட்டப் போகிறது. மெதுவானது என்பதால் அதை இரவில் மட்டும் ஓட்டுகிறார்கள். காலையில் அந்த ஒரு முடிவைத்தான் முதலில் திறந்து பார்க்கிறார்கள்.