தேத்தண்ணீரும் இரத்தத்தின் இரும்பும்

கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும்போது மருத்துவமாது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்: “தேத்தண்ணீரோடு குடிக்க வேண்டாம்.” வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதைக் கேட்காத தாய்மார் குறைவு. ஆனால் காரணம் விளங்காத புத்திமதி, வீட்டு வாசலைத் தாண்டுமுன்னே மறந்துபோவது இயல்பு. மத்தியானச் சோறு முடிந்ததும் மாமி அன்போடு ஒரு கோப்பை நீட்டுவார்; குளிசையும் அதனோடேயே உள்ளே போய்விடும். ஆகவே அந்தக் காரணத்தை இன்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இந்தப் பானம் நம் நாட்டோடு ஒட்டிக்கொண்டது. பச்சைக் கொழுந்தின் உலர்ந்த எடையில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை பொலிபீனோல் என்னும் பொருட்களே. இவை தாவரங்கள் தம்மைப் பூச்சி புழுவிலிருந்து காத்துக்கொள்ளவும் உண்டாக்குபவை. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப்பட வைக்கும்போது, இலையிலுள்ள நொதியம் ஒன்று இப்பொருட்களை ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாக்குகிறது. நாம் ‘சாயம்’ என்று சொல்லும் செந்நிறமும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் அப்படி வந்தவைதாம்.

குடித்த பிறகு இவற்றுக்கு என்ன நேர்கிறது? பலர் நினைப்பதுபோல எல்லாம் நேரே இரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. சிறிய மூலக்கூறுகளில் ஒரு சிறு பங்கு மட்டும் சிறுகுடலின் சுவரைக் கடக்கிறது. வெங்காயம் முதலியவற்றில் இருப்பவை சர்க்கரையோடு பிணைந்திருக்கும்; குடற்சுவர் நொதியம் அந்தச் சர்க்கரையைக் கழற்றிய பின்னரே அவை உள்ளே போகும். உள்ளே போனதையும் உடம்பு சும்மா விடுவதில்லை. குடற்சுவரும் ஈரலும் அதனை ஓர் அந்நியப் பொருளாகவே கருதி, கந்தகத் தொகுதி ஒன்றையோ வேறொன்றையோ ஒட்டி, நீரில் கரையும்படி செய்து, சிறுநீர் வழியாகவும் பித்தம் வழியாகவும் வெளியே அனுப்பிவிடுகின்றன. தேநீர் குடித்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை அடைந்து, பிறகு இறங்கிவிடும்.

மிகப் பெரும்பங்கு பெருங்குடலுக்கே போய்ச் சேருகிறது. அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதைத் துண்டு துண்டாக்குகின்றன. அத்துண்டுகள் பின்னர் இரத்தத்தில் கலந்து ஈரலை அடைகின்றன. தேநீர் குடிப்பவரின் சிறுநீரில் கூடிக் காணப்படும் ஹிப்பூரிக் அமிலம் இவ்வாறு உண்டானதே. (இந்தப் பெயர் ‘குதிரை’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, முதலில் குதிரையின் சிறுநீரிலே கண்டறியப்பட்டதால் அப்படி. புல் தின்னும் குதிரைக்கும் தேத்தண்ணீர் குடிக்கும் நமக்கும் இப்படியும் ஓர் உறவு!) ஒருவர் குடலின் நுண்ணுயிர்கள் மற்றொருவருடையவை போல் இருப்பதில்லை. ஆகவே ஒரே கோப்பையால் இருவருக்கும் ஒரே பலன் உண்டாகும் என்று சொல்ல முடியாது.

இனி இரும்புக்கு வருவோம். அந்தக் காலத்தில் கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதியைச் சேர்த்து எழுதும் மை செய்தார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கடுக்காயில் இருப்பது துவர்ப்புப் பொருள். இரண்டும் சேர்ந்ததும் கருமையாகி, நீரில் கரையாத பொருளாகிவிடும். வாழைக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கும்போது கத்தியில் கறுப்பு ஏறுவதும் இதே வகைச் சேர்க்கைதான். கிளினிக்கில் கிடைக்கும் இரும்புக் குளிசை ஒன்றைப் பொடித்து வெறுந்தேத்தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அதுவும் கறுத்துவிடும். இதே மை வேலை நம் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. இரும்பு உறிஞ்சப்படும் முக்கிய இடம் முன்சிறுகுடல். அங்கே தேநீரும் சோறும் ஒன்றாக வந்து சேர்ந்தால், உறிஞ்சப்பட வேண்டிய இரும்பைப் பொலிபீனோல் பிடித்துக் கட்டிவிடுகிறது. கட்டுண்ட இரும்பு மலத்தோடு போகிறது.

இது வெறும் ஊகமல்ல. 1975ஆம் ஆண்டு தென்னாபிரிக்க ஆய்வாளர்கள், அங்கு வாழும் இந்திய வம்சாவளிப் பெண்களைக் கொண்டு இதனைச் சோதித்தார்கள். சோறு, பாண், இரும்பு உப்புக் கரைசல் ஆகிய எதனோடு கொடுத்தாலும் தேநீர் இரும்பு உறிஞ்சலைக் குறைத்தது. சமைத்த ஹீமோகுளோபினின் இரும்பு மட்டும் தப்பியது. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பாணோடு கறுப்புத் தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சல் 79 முதல் 94 வீதம் வரை குறைந்தது. பால் சேர்த்தால் தப்பலாமோ என்றால், அதுவும் பெரிதாக உதவவில்லை. கோப்பியும் கொக்கோவும் இதே குணமுடையவை.

இறைச்சி அடிக்கடி சமைக்கும் வீட்டில் இது பெரிய இடர் அல்ல. சோறு, பருப்பு, கீரை, சம்பல் என்று நடத்தும் வீட்டிலேதான் அபாயம், ஏனெனில் மரக்கறியின் இரும்பு முன்னமே அரிதாய் உறிஞ்சப்படுவது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இறைச்சியும் மீனும் முட்டையும் கைக்கு எட்டாமற் போனபோது, பல வீடுகளில் வெறுந்தேத்தண்ணீரும் பாணுமே சாப்பாடாக இருந்ததை நாம் மறக்கவில்லை. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் தாய்க்குத் தேவைப்படும் இரும்பு சுமார் 1,000 மில்லிகிராம். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைக்கும் தேவை கூடும். தாய் களைத்து, மூச்சுவாங்கி, பிரசவத்தில் இரத்தம் போனால் தாங்கமுடியாத நிலைக்கு வருவது இரத்தசோகையின் கொடுமை. கொழுந்து பறிக்கும் மலையகத் தாய்மாருக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டும்.

அப்படியானால் தேத்தண்ணீரை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் கோப்பை யாருடைய இரும்பையும் பறிப்பதில்லை. பிடிப்பதற்கு அப்போது அங்கே இரும்பு இல்லை. பின்னேரம் நாலு மணித் தேத்தண்ணீரும் அப்படியே. சாப்பாட்டோடும், சாப்பிட்டு முடிந்த கையோடும் குடிப்பதுதான் கேடு. 2017இல் இங்கிலாந்தில் பெண்களிடம் செய்த ஆய்வில், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடித்தவர்களுக்கு இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குளிசையைத் தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ விழுங்குங்கள். கல்சியக் குளிசை தந்திருந்தால் அதை வேறு நேரத்துக்கு வையுங்கள். சோற்றோடு நெல்லிக்காய்ச் சம்பலோ, சாப்பிட்டபின் ஒரு கொய்யாப்பழமோ இரும்பு உறிஞ்சலுக்கு நல்ல துணை. பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்துக் கைக்குழந்தைக்கு ஊட்டும் அம்மம்மாமாரிடம் மட்டும், மரியாதையோடு, வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும்.

பொலிபீனோலுக்கு நல்ல பெயரும் உண்டு. 1993இல் நெதர்லாந்து முதியவர்களைப் பற்றி வெளிவந்த ஆய்வு, தேநீர், வெங்காயம், அப்பிள் மூலம் இவ்வகைப் பொருட்களைக் கூடுதலாக உட்கொண்டவர்கள் இருதய நோயால் இறந்தது குறைவு என்று காட்டியது. இதைக் காட்டிக் குப்பியில் அடைத்து விற்கும் பச்சைத் தேயிலைச் சத்துக் குளிசைகளை வாங்க அவசரப்பட வேண்டாம். அவற்றிலுள்ள EGCG என்னும் பொலிபீனோலை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பது ஈரலைத் தாக்கக்கூடும் என்று 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. கோப்பையில் குடிப்பதற்கும் குளிசையாக விழுங்குவதற்கும் வித்தியாசம் உண்டு.

தலசீமியா நோயாளருக்கோ கதை மறுபக்கம். அவர்கள் உடலில் இரும்பு தேங்கி இருதயத்தையும் ஈரலையும் கெடுப்பதால், சாப்பாட்டோடு தேநீர் கொடுத்து இரும்பு உறிஞ்சலைக் குறைக்கலாமா என்று மருத்துவர்கள் சோதித்ததுண்டு. ஆகவே வெளிறிப்போன பிள்ளைக்கெல்லாம் இரும்பு டொனிக் வாங்கிக் கொடுக்குமுன், அது எந்த வகை இரத்தசோகை என்று இரத்தப் பரிசோதனை செய்து டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.