அம்பாசிடர் கேக்: அலங்காரத்துக்கு முன்னால் அளவு

கார் வடிவில் பிறந்தநாள் கேக் செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கடைக்குப் போய் வாங்குவது ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவும் வண்ணமும்தான். முதலில் எடுக்க வேண்டியது ஸ்கேலும் பென்சிலும். ஒரு காரை வெறும் கறுப்பு நிழலாகக் காட்டினாலும் அம்பாசிடரா மாருதி 800-ஆ என்று பார்த்ததும் சொல்லிவிடுவோம். கூரையின் வளைவும், பானெட்டின் உயரமும், சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் அதற்குப் போதும். இந்த மூன்றும் தப்பிவிட்டால் எத்தனை நுணுக்கமான நம்பர் பிளேட்டை ஒட்டினாலும் அது ஏதோ ஒரு காராகத்தான் நிற்கும். வீட்டில் செய்யும் கார் கேக்குகள் தோற்பது பெரும்பாலும் ஃபாண்டன்ட் போர்த்தும்போது அல்ல, அதற்கு முந்தைய நாள் கத்தி பிடிக்கும்போது. ஆகவே கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அளவுக்கும் செதுக்கலுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்வதே கணக்கு.

முதல் முறை செய்பவருக்கு அம்பாசிடரைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடியொற்றி 1950களின் இறுதியில் வந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியில் கூர்மையான விளிம்பு என்று எதுவுமே இல்லை. கத்தி கொஞ்சம் தடுமாறினாலும் உருண்டை வடிவம் அதை விழுங்கிக்கொள்ளும். நேர்கோட்டு ஜீப்பைச் செய்தால் ஒவ்வொரு மூலையிலும் ஃபாண்டன்ட் கிழியும். வெள்ளை நிறமும் இன்னொரு வசதி. சிவப்போ கறுப்போ வேண்டுமென்றால் வண்ணத்தைக் கொட்ட வேண்டும், சாப்பிட்டவர்களின் நாக்கெல்லாம் சாயமாகும். அரசு வண்டியின் வெள்ளைக்கு ஒரு சொட்டு வண்ணமும் தேவையில்லை.

அளவைப் பார்ப்போம். அசல் வண்டி ஏறக்குறைய 4.32 மீட்டர் நீளம், 1.66 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். இதை 14-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 31 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், பதினொன்றரை செ.மீ. உயரம் வரும். பதினான்கு என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 33-க்கு 23 செ.மீ. தட்டில் ஒரே கேக் சுட்டு, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஏறத்தாழ இந்த அளவுதான் கிடைக்கிறது. செதுக்கும் கேக்கில் பாதி குப்பைக்குப் போகும் என்ற புகார், திட்டமில்லாமல் பெரிய சதுரத்திலிருந்து குடைந்து எடுப்பவர்களுக்குத்தான் பொருந்தும். பக்கவாட்டுப் படம், முன்பக்கப் படம் இரண்டையும் இந்த அளவில் அச்செடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா ஓரத்திலும் 6 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். பின்னால் பூசப்போகும், சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கனாஷும் மேலே போர்த்தும் ஃபாண்டன்ட்டும் அந்த இடத்தை நிரப்பும். இதை மறந்தால் கார் வீங்கிப்போகும்.

கேக்கின் ரகத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பேக்கரி பிளாக் ஃபாரஸ்ட்டில் இருக்கும் ஸ்பாஞ்ச் பெரும்பாலும் காற்றுதான். கத்தி பட்டால் நசுங்கும், மேல் அடுக்கின் எடையில் அமுங்கும். செதுக்கலுக்கு வேண்டியது வெண்ணெய் கேக். மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஓடு நீக்கிய முட்டை நான்கும் அரை அரை கிலோ, பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி. இது மேற்சொன்ன தட்டுக்குச் சரியாக இருக்கும். 160 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குச்சி குத்திப் பார்த்து எடுங்கள். சின்ன ஓடிஜி அடுப்பில் அந்தத் தட்டு நுழையாது. அப்போது மாவைப் பாதியாகப் பிரித்து, நீளமான பிரெட் டின்னில் இரண்டு முறை சுடலாம். முட்டை சேர்க்காதவர்களுக்கு கண்டென்ஸ்டு மில்க் கேக்கும் இதே அளவு இறுக்கமாக வரும். இப்படிப்பட்ட கேக் தொண்டையில் அடைக்குமே என்பார்கள். குளிர்ந்த நிலையில் சாப்பிட்டால் அடைக்கத்தான் செய்யும், ஏனென்றால் குளிரில் வெண்ணெய் உறைந்திருக்கும். அதே குணம்தான் செதுக்கும்போது நம்மைக் காப்பாற்றுகிறது. அடுக்குகளுக்கிடையே சர்க்கரைப் பாகு தடவி, பரிமாறும்போது அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் குறை தெரியாது.

சுட்ட கேக் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மறுநாள் மேடான பகுதியைச் சீவிவிட்டு, நீளவாக்கில் அறுத்து, நடுவில் கனாஷ் பூசி அடுக்கி, ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வைத்துவிட்டு வெளியே எடுங்கள். பக்கவாட்டுப் படத்தைக் கேக்கின் மேல் வைத்துப் பிடித்து, பல் வைத்த ரொட்டிக் கத்தியால் ரம்பம் போடுவதுபோல் அறுங்கள், அழுத்தக் கூடாது. முதலில் பக்கத் தோற்றம் முழுதும் முடியட்டும், அதாவது பானெட், முன்கண்ணாடியின் சரிவு, கூரை, டிக்கியின் இறக்கம். அதன் பிறகே முன்பக்கப் படத்தைப் பாருங்கள். இங்கேதான் பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. கதவுகளுக்கு மேலே கண்ணாடிப் பகுதி நேராக நிற்பதில்லை, இரண்டு பக்கமும் உள்ளே சாய்கிறது. அந்தச் சாய்வைக் கொடுக்காவிட்டால் அம்பாசிடர், மினி பஸ் ஆகிவிடும். கடைசியாக எல்லா மூலைகளையும் மழுக்கி, ஐந்தரை செ.மீ. வட்டக் கட்டரால் சக்கரக் குழிகளை ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குத் தோண்டுங்கள். அச்சுக்கு அச்சு பதினேழரை செ.மீ. இருக்க வேண்டும். சீவி எடுத்த துண்டுகளை உதிர்த்துக் கொஞ்சம் கனாஷோடு பிசைந்தால் களிமண் பதத்தில் வரும். அம்பாசிடரின் பருத்த முன் மட்கார்டுகளையும் ஹெட்லைட் மேடுகளையும் அதை வைத்தே அப்பிவிடலாம்.

கார் தரையில் படுத்துக்கிடக்கக் கூடாது. கேக்கைவிட எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. சிறிதான அட்டையில் கேக்கை ஏற்றி, அந்த அட்டையை ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஃபாயில் சுற்றிய தெர்மாகோல் கட்டைகள் மேல் ஒட்டுங்கள். அடியில் விழும் நிழல்தான் வண்டி நிற்கிற உணர்வைத் தரும். சக்கரங்கள் எடையைத் தாங்குவதில்லை, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அசல் டயர் சுமார் 65 செ.மீ. விட்டம், 14-ல் ஒரு பங்கு நான்கரை செ.மீ. சொல்லிவைத்ததுபோல் ஓரியோ பிஸ்கட்டின் அளவும் ஏறத்தாழ அதுதான்.

பூச்சுக்கு வெண்ணெய் கிரீம் வேண்டாம். வெண்ணெய் 32 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கிவிடும், நம் ஊர் வரவேற்பறை பல மாதங்கள் அந்த அளவில்தான் இருக்கிறது. வெள்ளைச் சாக்லேட் மூன்று பங்கு, கிரீம் ஒரு பங்கு (600 கிராமுக்கு 200 கிராம்) சேர்த்த கனாஷ் இறுகி நிற்கும், மேலே போகும் வெள்ளைக்கு அடியில் கறுப்பாகத் தெரியவும் செய்யாது. கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வழவழப்பாக்கி, ஏசி அறையில் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஒரு கிலோ ஃபாண்டன்ட்டை மூன்றரை மி.மீ. கனத்தில் தேய்த்துப் போர்த்துங்கள். முதலில் அழுத்த வேண்டிய இடம் கூரை அல்ல. முன்கண்ணாடியின் அடியும் பானெட்டும் சேரும் பள்ளம். அங்கே உள்ளங்கையின் ஓரத்தால், விரல் நுனி படாமல், மெதுவாகப் பதித்துவிட வேண்டும். கூரையையும் பானெட்டையும் முதலில் ஒட்டிவிட்டால் பள்ளத்தின் மேல் ஃபாண்டன்ட் கூடாரம் போட்டு நிற்கும், பிறகு அழுத்தினால் கிழியும். ‘ஃபாண்டன்ட்டை யார் சாப்பிடுகிறார்கள், உரித்துத்தானே வைக்கிறார்கள்’ என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்படி நினைப்பவர்கள் கனாஷோடு நிறுத்திக்கொள்ளலாம். வடிவம் சரியாக இருந்தால் அதுவே அம்பாசிடர்தான். அச்சு வார்ப்பில் ஊற்றிச் சுட்டால் இத்தனை பாடு எதற்கு என்றும் கேட்கலாம். வார்ப்பில் கிடைப்பது பொதுவான ஒரு பொம்மைக் கார். குழந்தைக்கு அது போதும், அம்பாசிடரையே நேசிக்கும் நண்பருக்குப் போதாது.

ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜில் வைப்பது ஆபத்து. வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் மேலே படியும், சர்க்கரை அதை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஏசி அறையே போதும். வேறு வழியில்லை என்றால் அட்டைப் பெட்டியில் மூடி வைத்து, எடுத்த பின் பெட்டியைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருங்கள். ஈரம் பெட்டியின் மேல் படிந்து காய்ந்துவிடும்.

மீதி வேலை சுருக்கமானது. சாம்பல் நிற ஃபாண்டன்ட்டை மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடிகள், கத்தி முதுகால் கதவுக் கோடுகள், இரண்டு நாள் முன்பே செய்து காயவைத்த பம்பர். பம்பரின் பளபளப்புக்குக் காஜு கத்லி மேல் ஒட்டும் வெள்ளித்தாளே அழகு. வண்ணப் பொடி வாங்கினால் ‘உண்ணத்தக்கது’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நச்சற்றது’ என்பது வேறு, அது வாயில் போட அல்ல. ஓரியோவைக் கடைசி நேரத்தில் ஒட்டினால் நமத்துப்போகாது. எதையும் பல்குத்தும் குச்சியால் குத்திவைக்காமல் கனாஷாலேயே ஒட்டுங்கள். தொலைவுக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால் மட்டும் கூரையிலிருந்து அடி அட்டை வரை இரண்டு தடித்த ஸ்ட்ரா இறக்கலாம். வெட்டும்போது டிக்கியிலிருந்து தொடங்கி, அகலவாக்கில் இரண்டு செ.மீ. கனத்துக்குத் துண்டு போட்டு, கூரை வரும் இடத்தில் ஒவ்வொன்றையும் மேல் கீழாக இரண்டாக்கினால் இருபது பேருக்குத் தாராளமாக வரும். நடுப்பகுதிக்கு வந்ததும் ஸ்ட்ரா இரண்டும் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிக்கொண்டு பரிமாறுங்கள்.