ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

வியாசர்பாடியிலிருந்து எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் புதிதாக வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு, ஷிப்டிலேயே தலை நரைத்தவன் சொல்லும் சில வார்த்தைகள்.

1. ‘நேரம் உன் சௌகரியம்’ என்றால், யார் சௌகரியம் என்று கேள். நீ கேட்டு ஷிப்ட் மாறினால் அது வசதி. ராத்திரி போன் போட்டு, விடிகாலை வந்து நில் என்றால் அது அவர்கள் வசதி.

2. 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைத் தெரிந்துகொள். நாளுக்கு 12 மணி நேரம், நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் லீவு என்று விளக்கம் சொன்னார்கள். சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் வாபஸ் என்றார். பன்னிரண்டோடு போக வர இரண்டு மணியைக் கூட்டிப் பார். தூக்கத்துக்கு என்ன மிச்சம்?

3. பத்தாவது மணி நேர வேலையைக் கவனி. காலையில் லேத்தில் பீஸுக்குப் பீஸ் மைக்ரோமீட்டர் வைத்த கை, பொழுது சாய்ந்தால் நாலுக்கு ஒன்றுதான் வைக்கும். ஓ.டி. ஏறும், ஸ்கிராப்பும் ஏறும். முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் குண்டுத் தொழிற்சாலைக் கணக்குகளை பொருளாதார அறிஞர் ஜான் பென்காவல் 2014இல் ஆராய்ந்தார். வாரத்துக்கு 70 மணி உழைத்தவர்கள், 56 மணி உழைத்தவர்களைவிடப் பெரிதாக எதுவும் கூடுதலாகச் செய்துவிடவில்லை.

4. அரை மணி முன்னே பின்னே வர விட்டாலே வேலை ஓடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருகிறவளுக்கும், மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிச் சுற்றி வருகிறவனுக்கும் மனசு மெஷினில் நிற்கும். ஆனால் நீ லேட்டானால் முந்தைய ஷிப்ட்காரன்தான் காத்து நிற்பான். அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடு.

5. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் நீயே குறித்து வை. வாரம் 48 மணிக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே வரும் உரிமை. கையில் கணக்கு இல்லாதவன் பேச்சு எடுபடாது.

6. நேரத்தைப் பற்றித் தனியாகப் போய்ப் பேசாதே. பக்கத்தில் இருந்த பி அண்ட் சி பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று, அரை மணிச் சாப்பாட்டு நேரத்தை 40 நிமிஷமாக்குவது. பத்து நிமிஷத்துக்கே ஒரு சங்கம் வேண்டியிருந்தது. உன் ஷிப்ட் நேரத்துக்கு நாலு பேராவது கூட வரட்டும்.