பவளப்பாறைக் கடலில் முக்குளிப்பு: சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகளுக்கான தேர்வு வழிகாட்டி

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆகிய இடங்களில் வாழ்ந்து, பாதுகாக்கப்பட்ட பவளப்பாறையை நேரில் காண விரும்புவோர்க்கு மன்னார் வளைகுடா, அந்தமான், லட்சத்தீவு, இலங்கையின் திருகோணமலை ஆகிய நான்கு கடற்பரப்புகள் எட்டும் தொலைவில் உள்ளன. செலவையும் விடுப்பு நாட்களையும் கணக்கிடுவதற்கு முன்பே, செல்பவருடைய நீச்சல் திறன் பாறைக்குத் தீங்கு செய்யாத அளவுக்கு வளர்ந்துள்ளதா, அவர் செய்ய விரும்புவதை அக்கடற்பரப்பின் சட்டம் அனுமதிக்கிறதா என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பவள உயிரிகள் எனப்படும் மிகச் சிறிய விலங்குகள் சுரக்கும் சுண்ணாம்பு தலைமுறை தலைமுறையாகப் படிந்து உருவாவதே பவளப்பாறை. இவ்வுயிரிகளின் திசுக்களில் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையின் மூலம் அவற்றுக்கு உணவளிக்கின்றன. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தை ஒரு டிகிரி செல்சியஸ் தாண்டிச் சில வாரங்கள் நீடித்தாலே பாசிகள் வெளியேறிவிடுவதால் பவளம் நிறமிழந்து பட்டினியில் வாடுகிறது. இதுவே வெளிறுதல் எனப்படும். உருண்டை வடிவப் பவளங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரையே வளர்வதால், பயிற்சியற்றவரின் கால் ஒருமுறை பட்டு உடைந்த பகுதி மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

காணும் முறைகள்

பாறையைக் காண மூன்று வழிகள் உண்டு. கண்ணாடித் தளப் படகு நீந்தத் தெரியாதவர்க்கும் முதியவர்க்கும் ஏற்றது. ஸ்நார்கெலிங் என்பது முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி காண்பது. முதுகில் காற்றுக் கலன் சுமந்து ஆழத்தில் மூச்சுவிடும் ஸ்கூபாவில், சான்றிதழ் இல்லாதவர் பயிற்றுநரின் பிடியில் பொதுவாக 12 மீட்டர் வரை இறங்கும் அறிமுக முக்குளிப்பும், 18 மீட்டர் வரை செல்லத் தகுதியளிக்கும் தொடக்கநிலைச் சான்றிதழும் வெவ்வேறானவை. மேலே எழும்பாமலும் கீழே அமிழாமலும் நிலைநிற்கும் மிதவைக் கட்டுப்பாடு சான்றிதழ்ப் பயிற்சியில்தான் கைகூடுகிறது. பாறையைக் காப்பதும் இத்திறனே.

மன்னார் வளைகுடா

எழும்பூரிலிருந்து ஓரிரவு ரயில் பயணத்தில் அடையக்கூடிய இக்கடல், செலவிலும் விடுப்பிலும் மிகச் சிக்கனமானது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் தேசியப் பூங்காவாகவும், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இப்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் பதிவாகியுள்ளன. சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டதால் அரணிழந்த விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் கடலுள் அமிழ்ந்துவிட்டன என்பது இங்குள்ள கட்டுப்பாடுகள் ஏன் கடுமையானவை என்பதை உணர்த்தும். பூங்கா எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்வது குற்றமாகையால், இங்கு ஸ்கூபாவைத் தேடுவதைத் தவிர்த்து, பாம்பன், மண்டபம் பகுதிகளில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலாப் படகுகளை நாடுவதே தகும்.

அந்தமான்

முறையான ஸ்கூபா பயில விரும்புவோர்க்கு இதுவே முதல் தேர்வு. சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேர விமானப் பயணம். நுழைவு அனுமதிச் சிக்கல் இந்தியர்க்குப் பெரும்பாலும் இல்லை. பயிற்சி மையங்கள் மிகுதியாக உள்ள ஹேவ்லாக் எனும் சுவராஜ் தீவில் சான்றிதழ்ப் பயிற்சிக்கு மூன்று, நான்கு நாட்கள் தேவைப்படும். வண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில், ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய தீவுகளை மாறி மாறித் திறந்து, ஒன்று இயங்கும்போது மற்றொன்றுக்கு ஓய்வளிக்கின்றனர். படகும் ஸ்நார்கெலிங்கும் அங்குப் போதுமானவை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும்.

லட்சத்தீவு

வட்டப் பவளத்தீவுகளும் அவற்றுக்குள் அடங்கிய ஆழமற்ற காயல்களும் கொண்ட இங்கு நீர் மிகத் தெளிவானது. ஆயினும், கொச்சி வழியாகவே பெரும்பாலும் செல்ல வேண்டியிருப்பதாலும், லட்சத்தீவு நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெற வேண்டியிருப்பதாலும், ஒரு வார விடுப்பும் நிறைந்த பணமும் உள்ள, ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற முக்குளிப்போர்க்கே இது பொருந்தும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெளிறுதல்களால் நலிந்த பாறைகள் இவை என்பதால், கற்றுக்கொள்வதற்கான களமாக இவற்றைக் கருதலாகாது.

திருகோணமலை

நிலாவெளிக் கரைக்கு அருகிலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. தமிழ் பேசும் கரை என்பது முதல் முறை கடல் கடப்போர்க்குத் துணையாகும். கடவுச்சீட்டும் இலங்கையின் நுழைவு ஒப்புதலும் தேவை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இக்கடல் அமைதியாக இருப்பதால், அந்தமானில் மழை தொடங்கிவிட்ட ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடுப்பு கிடைப்போர்க்கு இதுவே உகந்தது.

புறப்படுமுன்

செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளில் பயிற்சி செய்வது ஆபத்தானது, தவறானதும்கூட. மேற்பார்வையாளர் உள்ள நீச்சல் குளத்தில் 200 மீட்டர் இடைவிடாமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் பழகிய பின்னரே சான்றிதழ்ப் பயிற்சியில் சேர வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், காதுக் கோளாறு உள்ளோர்க்கு மருத்துவரின் ஒப்புதல் இன்றியமையாதது. மூழ்கியபோது இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டுமாதலால், கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது. திரும்பும் பயணச்சீட்டை இதற்கேற்பவே பதிவு செய்ய வேண்டும்.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் எடுத்துவருதல் கூடாது. கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றவை. வெளிறுதல் அறிவிக்கப்பட்ட பருவமெனில், ஏற்கெனவே நோயுற்ற பாறைக்கு மனித நடமாட்டம் கூடுதல் சுமையாகும் என்பதால், பணம் கட்டிய பின்னரும் பயணத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதே சரியான தேர்வு.