இளையோர்க்கு இளையோர்



நம் மன்ற இதழில் இலக்கியக் கட்டுரைகளும் விழாச் செய்திகளும் வருவது வழக்கம். இம்முறை நான் ஒரு கழித்தல் கணக்கைப் பற்றி எழுதப் போகின்றேன். இரசாயனத்தில் முதுகலை பயிலும் ஒருத்திக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கில் என்ன வேலை என்று நீங்கள் நகைக்கலாம். அந்தக் கணக்கு, எட்டாம் வகுப்பில் பயிலும் ஒரு பையனின் படிப்பையே கழித்துவிடப் பார்த்தது. ஆதலின் சற்றே பொறுத்துக் கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. நான் நான்காம் வகுப்பில் இருந்தபொழுது எங்கள் சாலில் ஓர் அக்கா இருந்தார். அவரே அப்பொழுது பன்னிரண்டாம் வகுப்பு மாணவிதான். மாலையில் மாடிப்படியில் அமர்ந்து தம் பாடத்தைப் படிப்பார்; படிக்குக் கீழே நாங்கள் நாலைந்து பேர் அமர்ந்து எங்கள் பாடத்தைப் படிப்போம். "நீ பெரிய படிப்பு படிப்பாய்" என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நான் தவறாகப் போட்ட கணக்கைப் பார்த்து, "இதை எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்பார். என் தவற்றையும் ஒரு பொருட்டாக மதித்துக் கேட்ட முதல் ஆள் அவர். இன்று நான் ஆய்வகத்தில் நிற்பதற்கு அந்தப் படிக்கட்டே காரணம் என்பேன்.

அந்தக் கடனைத் தீர்க்க எண்ணிச் சென்ற ஆண்டு சனிக்கிழமை மாலைகளில் நானும் ஒரு சிறு வகுப்பைத் தொடங்கினேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். அவன் வீட்டில் இட்டிலி வாணிகம். விடியுமுன் அவித்து, சைக்கிளில் தூக்குகளைக் கட்டிக்கொண்டு தந்தை புறப்படுவார். ஞாயிறன்று மகனும் உடன் செல்வான். நான் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து இயற்கணிதம் நடத்தினேன். ஊக்கமூட்டும் மொழிகளுக்கும் குறைவில்லை. அப்துல் கலாம் முதல் யார் யார் வரலாற்றையோ எடுத்துரைத்தேன். மூன்று வாரம் தலையாட்டினான். நான்காம் வாரம் வரவில்லை. அவனுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டினேன். அம்முடிவை எண்ண இன்றும் நாணுகின்றேன்.

பின்னர் ஒரு ஞாயிறன்று தற்செயலாக அவனைத் தெருவில் கண்டேன். தட்டு 30 ரூபாய். ஒருவர் 7 தட்டு வாங்கி 500 ரூபாய்த் தாளை நீட்டினார். நான் மனத்துக்குள் பெருக்கி முடிப்பதற்குள் அவன் 290 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை அவனை வலிய அழைத்து வந்து, அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 500-இலிருந்து 210-ஐக் கழிக்க. அவன் எழுதிய விடை 310!

அக்கா கற்பித்த கேள்வியை அப்பொழுதுதான் கேட்டேன்: "இதை எப்படிப் போட்டே, சொல்லு." "சைபர்ல ஒண்ணு போகாது அக்கா. அதனால ஒண்ணுல சைபரைக் கழிச்சேன்" என்றான். ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பது அவனாக வகுத்துக்கொண்ட சட்டம். தெருவில் போட்ட கணக்கு எப்படி என்று கேட்டேன். "210-க்கு மேல 90 கொடுத்தா 300. அப்புறம் 200. அது கடைக் கணக்கு அக்கா. இது பள்ளிக்கூடத்துக் கணக்கு." இரண்டும் ஒரே கணக்கு என்பதை எட்டு ஆண்டுகளில் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை!

இஃது அவன் ஒருவன் கதையன்று. நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தம் குழுவினருடன் கொல்கத்தா, தில்லி நகர்ச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைச் சோதித்து, 2025-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சந்தையில் சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனக்கணக்காகவே முடிக்கும் சிறுவர்கள், பள்ளி முறையில் எழுதிக் கொடுத்த எளிய கணக்கில் இடறினர். பள்ளிக்கு மட்டும் சென்ற பிள்ளைகளோ தாளில் வென்று சந்தைக் கணக்கில் திணறினர். ஒரு பக்கத்துத் திறமை மறுபக்கம் தானாகக் கடந்து செல்வதில்லை. யாரேனும் பாலம் இட வேண்டும்.

அப்பாலத்தை இடப் பெரும் புலவர் தேவையில்லை என்பதற்கு நம் மும்பையே சான்று. மாதுங்காவில் இன்று இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் எனப்படும் நிறுவனத்தில் இரசாயனம் கற்பித்தவர் மாதவ் சவாண் (நம் துறைக்காரர் என்பதில் எனக்குச் சற்றே செருக்கு உண்டு). அவரும் ஃபரீதா லாம்பேயும் 1995-இல் 'பிரதம்' என்னும் அமைப்பை நிறுவி, இந்நகரின் குடிசைப் பகுதிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக வந்ததே 'பால்சகி' திட்டம். குழந்தைத் தோழி என்பது அச்சொல்லின் பொருள். அதே பேட்டையில் வாழும், உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள் இரண்டு வாரப் பயிற்சி பெற்று, பின்தங்கிய பிள்ளைகளை 15 முதல் 20 பேராகத் தனியே அமர்த்தி நாள்தோறும் 2 மணி நேரம் கற்பித்தனர். அவர்கள் பெற்ற ஊதியம் மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை.

இதனால் பயன் விளைந்ததா? அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி அது. மும்பையிலும் வடோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தனர். சில பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்குத் தோழி. மற்றவற்றில் நான்காம் வகுப்புக்கு. தோழி இல்லாத வகுப்பு, தோழி உள்ள வகுப்புக்கு ஒப்பீடு ஆயிற்று. 2001-இல் தொடங்கிய இச்சோதனையின் முடிவு 2007-இல் வெளிவந்தது. மதிப்பெண் முதலாண்டில் 0.14 திட்ட விலக்கமும் இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கமும் உயர்ந்தது. மணி வடிவப் பரவல் எனக் கொண்டால், நூறு பேர் வரிசையில் கீழிருந்து 50-ஆம் இடத்தில் நின்ற குழந்தை ஏறத்தாழ 61-ஆம் இடத்துக்கு ஏறியது என்று பொருள். அடித்தளத்தில் கிடந்த பிள்ளைகளே மிகுதியாகப் பயனடைந்தனர். மறைக்கலாகாத மற்றொன்றும் உண்டு. திட்டம் முடிந்து ஓராண்டு சென்றபின் அவ்வேற்றம் ஏறக்குறைய 0.10 ஆகச் சுருங்கிற்று. விட்டுவிட்டால் தேயும்.

தமிழ்நாட்டில் கொரோனா அடைப்புக்குப்பின் 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர் மாலை வகுப்பு எடுத்தனர். கிராமப் பிள்ளைகளிடையே ஆய்ந்தோர், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த 6 மாதங்களில் மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணித்தனர்.

பின்பற்ற வேண்டிய முறை எளிது. வயதையும் வகுப்பையும் பாராது, பிள்ளை நிற்கும் படியைக் காண்பது, அங்கிருந்து தொடங்குவது. எழுத்து தெரியுமா, சொல் தெரியுமா, பத்தி படிப்பானா, கதை படிப்பானா என்று ஐந்து நிமிடத்தில் அறிந்துவிடலாம். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் கலாமின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பையனிடம் காகிதத்தை வெட்டி 100 ரூபாய், 10 ரூபாய் நோட்டுகள் செய்யச் சொன்னேன். 500 என்பது ஐந்து நூறு. 210 கொடுக்க 10 ரூபாய் இல்லை, என்ன செய்வாய்? "ஒரு நூறைச் சில்லறை மாத்துவேன்." அதைத்தான் புத்தகம் 'கடன் வாங்குதல்' என்கிறது. பெயரிட்டவர் எவரோ, சில்லறை மாற்றியதைக் கடன் என்று எழுதிப் பல பிள்ளைகளைக் குழப்பிவிட்டார். நான்கு நூறு, பத்துப் பத்து. இனி அவன் தாளைப் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. 290 என்று எழுதிவிட்டு என்னை ஏறிட்டு நோக்கினான். இரண்டு மாதத்தில் பின்னங்களைக் கடந்தான். இப்பொழுது என் வகுப்பில் இரு சிறுமியர்க்கு அவனே காகித நோட்டுகளை வைத்துக் கழித்தல் கற்பிக்கின்றான். "எப்படிப் போட்டே, சொல்லு" என்று அவன் கேட்பதைக் கேட்டு ஒருநாள் திரும்பிப் பார்த்தேன்.

ஆயினும் இடர் தீரவில்லை. அவன் பயிலும் தமிழ்வழிப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகின்றது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் காவலும் 14 வயது வரையில்தான். தந்தையைக் கண்டு பேசினேன். "அண்ணாச்சி, பையன் நன்றாகப் படிக்கிறான், நிறுத்திவிடாதீர்கள்" என்றேன். "நீ சொல்லுதது சரிதாம்மா. ஆனா ஒம்போதாப்பு மராட்டியிலயும் இங்கிலீசுலயும்லா இருக்கு. அங்க போய் இவன் முழிச்சிக்கிட்டு நின்னா யாரு பார்ப்பா? தொழில்ல இருந்தா கஞ்சியாவது குடிப்பான்" என்றார். அவர் கேட்டதில் தவறு காண என்னால் இயலவில்லை. "ஜூன் வரட்டும், பார்ப்போம்" என்ற அளவில் நிற்கின்றது.

ஜூனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கின்றது. எனக்குத் தெரிந்த மராத்தி கடைத்தெருவுக்குப் போதும். பாடப் புத்தகத்துக்குப் போதாது. செம்பூரிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் வரும் தோழர்களுள் மராத்தி எழுதப் படிக்க நன்கறிந்தவர் சிலர் உண்டு என்பதை நான் அறிவேன். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வகுப்பு. 90 அடிச் சாலை வரை வந்துவிட்டால் நான் எதிர்கொண்டு அழைத்துச் செல்வேன். பையன் உங்களை முதலில் ஒரு கணக்குப் போடச் சொல்வான், மறுக்காமல் போடுங்கள்.