நீட்டிய இறக்கையையும் செய்து வை

அன்புள்ள நிலாவுக்கு,

உன் ப்ராஜெக்ட் திட்டத்தைப் படித்தேன். வெறும் இறக்கை ஒன்று, நுனியில் விங்லெட் என்னும் நிமிர்ந்த சிறு இறக்கை வைத்தது ஒன்று. இரண்டையும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, காற்றின் இழுவையான டிராக் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கப் போகிறாய். அது போதாதும்மா.

இறக்கைக்கு அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் நுனியில் அடிக்காற்று சுழித்துக்கொண்டு மேலேறுகிறது. உங்கள் வகுப்பில் இண்ட்யூஸ்ட் டிராக் என்கிறார்களே, அது இந்தச் சுழற்சியோடு வருவது. இறக்கையைக் கொஞ்சம் நீட்டினாலே அது குறையும். பிறகு விங்லெட் எதற்கு?

நாஸாவின் லாங்லி மையத்தில் 1970களில் ரிச்சர்ட் விட்கம்ப் இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்தார். இறக்கையை நீட்டினால், அது உடலோடு சேரும் இடத்தில் வளைப்புச் சுமை ஏறும். அதைத் தாங்க எடையும் ஏறும். ஆகவே, விங்லெட்டால் அங்கே எவ்வளவு சுமை கூடுமோ ஏறக்குறைய அதே சுமை வரும்படி நீட்டிய நுனி ஒன்றையும் சோதித்தார். 1976இல் முடிவுகள் வெளிவந்தன. மாக் 0.78இல் விங்லெட் இண்ட்யூஸ்ட் டிராக்கைச் சுமார் 20 சதவீதம் குறைத்தது. மேல்தூக்கு விசையான லிஃப்ட்டுக்கும் டிராக்குக்குமான விகிதம் சுமார் 9 சதவீதம் உயர்ந்தது. நீட்டிய நுனியால் கிடைத்த லாபம் அதில் பாதிகூட இல்லை. அந்த அறிக்கையில் நான் மிகவும் மதிப்பது, தன் விங்லெட் தோற்றுப்போவதற்கும் அவர் வழி வைத்திருந்ததைத்தான்.

நீயும் அப்படி நுனி நீட்டிய மூன்றாவது இறக்கை ஒன்றைச் செய். விங்லெட் லிஃப்ட்டையும் கூட்டும் என்பதால், ஒரே கோணத்தில் எடுத்த அளவுகளை ஒப்பிடாதே. ஒரே லிஃப்ட்டில் ஒப்பிடு. சிறிய மாதிரியின் மேல் காற்று ஒழுங்காக வழுக்கிப் போய், நிஜ விமானத்தில் இல்லாத நடத்தையைக் காட்டும். முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய பட்டையாகப் பசை தடவி, உப்புத்தாள் பொடி போன்ற குருணையைத் தூவி ஒட்டு. அந்த இடத்திலிருந்து காற்றோட்டம் கலங்கிவிடும். மூன்று இறக்கைக்கும் பட்டை ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் காற்றை நிறுத்திவிட்டு, விசையை அளக்கும் தராசின் சுழியத்தைக் குறித்துக்கொள். கடைசியில் விங்லெட்டைக் கழற்றி, வெறும் இறக்கையை மறுபடி ஓட்டு. முதல் எண் திரும்பி வராவிட்டால், நீ தேடுகிற சிறிய வித்தியாசத்தை அந்தத் தராசு சொல்லாது.

மாதிரியின் அளவுகளையும் விங்லெட்டின் கோணத்தையும் அனுப்பு. எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதைச் சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
மாமா